கத்திரி வெயிலில் விப்பிங் கிரீம் சரியாமல் நிற்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல், மே மாதங்களில் சென்னையிலோ மதுரையிலோ வேலூரிலோ சமையலறைக்குள்ளேயே 33, 34 டிகிரி இருக்கும். கேக் புத்தகங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் 20, 22 டிகிரி வீட்டை மனதில் வைத்துச் சொல்பவை. அதனால்தான் அதே அளவு, அதே பீட்டர், அதே நேரம் என்று எல்லாவற்றையும் அப்படியே செய்தும் இங்கே கிரீம் கேக்கின் ஓரத்தில் வழிகிறது. வீட்டில் கேக் செய்து விற்பவர்களும், பிள்ளையின் பிறந்தநாளுக்கு மட்டும் செய்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாப் பதிலுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான்: கிரீம் குளிர்ந்திருக்க வேண்டும். ஜெலட்டினும் சோள மாவும் அதற்கு அடுத்தபடி.

அடித்த கிரீம் எதனால் நிற்கிறது? சூட்டில் ஏன் சரிகிறது?

கிரீம் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய கொழுப்பு உருண்டைகள். ஒவ்வோர் உருண்டைக்கும் மெல்லிய உறை உண்டு. பீட்டர் ஓடும்போது காற்று உள்ளே போகிறது, உறைகள் அங்கங்கே கிழிகின்றன, கிழிந்த உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காற்றுக் குமிழிகளைச் சுற்றி வலை கட்டிவிடுகின்றன. கிரீம் நிற்பது இந்த வலையால்தான். வலை உருவாக வேண்டுமென்றால் கொழுப்பு பாதி கெட்டியாகவும் பாதி இளக்கமாகவும் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் குளிரில், அதாவது 4, 5 டிகிரியில், பால் கொழுப்பில் சுமார் பாதி கெட்டியாக இருக்கும். 20 டிகிரிக்கு வந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். 30 டிகிரியைத் தாண்டினால் மிகக் கொஞ்சம். மற்றதெல்லாம் எண்ணெய் மாதிரி திரவம். குமிழியைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாததால் காற்று வெளியேறுகிறது, தண்ணீர் அடியில் இறங்குகிறது.

அதனால் அடிக்கும் நேரம் முழுவதும் கிரீம் 10 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே போன கிரீமை எவ்வளவு நேரம் அடித்தாலும் சரியாக எழும்பாது, திடீரென்று திரிந்து வெண்ணெயாகவும் ஆகலாம். 200, 300 ரூபாய்க்கு ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கோடையில் கேக் செய்பவருக்கு அதைவிட உபயோகமான பொருள் எனக்குத் தெரியாது.

எந்த கிரீம் வாங்க வேண்டும்? கடையில் கிடைக்கும் ஃப்ரெஷ் கிரீமை அடித்தால் ஏன் வரமாட்டேன் என்கிறது?

பெட்டியில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று பாருங்கள், பெயரைப் பார்க்காதீர்கள். நம் ஊரில் எல்லா மளிகைக் கடையிலும் கிடைக்கும் அமுல் ஃப்ரெஷ் கிரீமில் 25% கொழுப்பு. அது குருமாவுக்கும் ஃப்ரூட் சாலட்டுக்கும் செய்யப்பட்டது. நன்றாகக் குளிர வைத்து அடித்தால் கெட்டியாகும், கரண்டியில் எடுத்தால் மெதுவாக வழியும், அவ்வளவுதான். பூ வைக்க நிற்காது. அடித்து நிற்க வைக்க குறைந்தது 30% வேண்டும், வெயில் காலத்தில் 35% அல்லது அதற்கு மேல் இருந்தால் நிம்மதி. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளிலும் பேக்கரி சாமான் விற்கும் கடைகளிலும் 'விப்பிங் கிரீம்' அல்லது 'ஹெவி கிரீம்' என்று கேட்டு, அங்கேயும் பின்பக்கத்தைத் திருப்பி சதவீதத்தைப் படியுங்கள். பட்டியலில் பாமாயில் அல்லது தாவரக் கொழுப்பு என்று இருந்தால் அது நான்-டெய்ரி கிரீம், அதன் கதை வேறு, கீழே வருகிறது.

எங்கள் ஊரில் 25% கிரீம்தான் கிடைக்கிறது. என்ன செய்வது?

கொழுப்பை நீங்களே கூட்டலாம். 200 கிராம் ஃப்ரெஷ் கிரீமுக்கு 45 கிராம் உப்பில்லாத வெண்ணெய் என்ற கணக்கில் சேர்த்தால் மொத்தக் கொழுப்பு ஏறக்குறைய 35% வரும். இரண்டையும் சின்னத் தீயில், வெண்ணெய் கரையும் வரைக்கும் மட்டும் சூடாக்குங்கள், கொதிக்கக் கூடாது. இளஞ்சூடானதும் மிக்ஸியில் ஊற்றி இரண்டு நிமிடம் நன்றாக அடியுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் வெண்ணெய் தனியாக மேலே ஏடு கட்டிவிடும், எல்லா உழைப்பும் வீண். பிறகு மூடி, ஃபிரிட்ஜில் ஓர் இரவு முழுக்க வையுங்கள். கொழுப்பு மறுபடி இறுக எட்டு மணி நேரமாவது வேண்டும், இரண்டு மணி நேரத்தில் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்றுதான் இருக்கும், ஆனால் உள்ளே கொழுப்பு இன்னும் தயாராகியிருக்காது. கடையில் வாங்கும் 35% கிரீமுக்கு இது முழுச் சமம் இல்லை, கொஞ்சம் கனமாக இருக்கும், காற்று குறைவாகப் பிடிக்கும். ஆனால் கேக்குக்கு நடுவில் பூசவும் மேலே தடவவும் நன்றாகவே நிற்கும்.

வீட்டில் பால் காய்ச்சி எடுத்த ஏட்டை அடிக்கலாமா?

வேண்டாம். காய்ச்சிய பாலின் ஏட்டில் கொழுப்பும் புரதமும் ஏற்கெனவே சேர்ந்து இறுகி இருக்கும், குமிழியைச் சுற்றி வலை கட்டும் தனித்தனி உருண்டைகள் அதில் இல்லை. அடித்தால் கொஞ்ச நேரத்தில் வெண்ணெய் திரண்டுவிடும். அந்த ஏட்டை நெய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எதையெல்லாம் குளிர வைக்க வேண்டும்? எவ்வளவு நேரம்?

கிரீமை ஃபிரிட்ஜின் கதவில் வைக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் சூடாகும் இடம் அதுதான். உள்ளே, பின்பக்கமாக, ஓர் இரவு இருக்கட்டும். ஃப்ரீசரில் வைத்து உறைய விடவும் கூடாது. பால் கிரீம் உறைந்தால் கொழுப்பு உருண்டைகள் உடைந்து, உருகும்போது திரிதிரியாகப் பிரிந்துவிடும். அடிப்பதற்கு முன்னால் அவசரத்துக்குப் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுப்பது வேறு, அது நல்லதே.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அதையும் பீட்டர் கம்பிகளையும் இருபது நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு ஓர் அகலமான பேசினில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, அவை மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அதற்குள் இந்தப் பாத்திரத்தை இறக்கி வைத்து அடியுங்கள். வெறும் ஐஸ் மட்டும் இருந்தால் பாத்திரத்தை அங்கங்கேதான் தொடும். தண்ணீர் இருந்தால் எல்லாப் பக்கமும் குளிர் ஏறும். கல் உப்பு போட்டால் இன்னும் குளிருமே என்று கேட்பார்கள். குளிரும்தான், பூஜ்யத்துக்குக் கீழேயே போகும், ஆனால் ஓரத்தில் கிரீம் உறைந்து கட்டி கட்டியாகிவிடும் என்பதால் நான் சிபாரிசு செய்வதில்லை. ஐஸ் தண்ணீர் ஒரு சொட்டுகூட கிரீமில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரைப் பொடியையும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்கலாம். பலர் மறந்துவிடுவது ஸ்பாஞ்ச். அடுப்பிலிருந்து எடுத்து இரண்டு மணி நேரம் ஆன கேக் மேலே ஆறியிருக்கும், நடுவில் வெதுவெதுப்பாக இருக்கும், கிரீம் பூசியதும் உள்ளிருந்தே இளக ஆரம்பிக்கும். ஸ்பாஞ்சை முந்தின நாளே செய்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். நனைக்கும் சர்க்கரைத் தண்ணீரும் ஜில்லென்றே இருக்கட்டும். அப்புறம், அடிக்கும்போது தலைக்கு மேலே ஓடும் மின்விசிறியை நிறுத்துங்கள், அது அறையின் சூட்டைக் கிரீமின் மேல் கொண்டுவந்து தள்ளிக்கொண்டே இருக்கும். ஏசி இருக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்ய முடிந்தால் சமையலறையை விட்டு அங்கே போய்விடுங்கள்.

எந்த வேகத்தில் அடிப்பது? சர்க்கரை எப்போது? எங்கே நிறுத்துவது?

ஒரு தடவைக்கு 200 முதல் 250 மில்லிவரை மட்டும். ஒரு லிட்டரை ஒன்றாக அடித்தால் முடிவதற்குள் மேல்பகுதி சூடாகிவிடும். குறைந்த வேகத்தில் ஆரம்பித்து நடு வேகத்துக்குப் போங்கள். முழு வேகத்தில் அடித்தால் பெரிய பெரிய குமிழிகள் உருவாகும், பெரிய குமிழி சீக்கிரம் உடையும். பீட்டர் போன தடம் கிரீமில் அழியாமல் தெரிய ஆரம்பித்ததும் ஒரு கப் கிரீமுக்கு, அதாவது 240 மில்லிக்கு, இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரைப் பொடி சேருங்கள். கடையில் வாங்கும் ஐசிங் சுகரில் பெரும்பாலும் கொஞ்சம் சோள மாவு கலந்திருக்கும், அதுவும் கொஞ்சம் உதவும்.

பீட்டரைத் தூக்கினால் முனை நிமிர்ந்து நின்று, நுனி மட்டும் லேசாக வளைந்தால் அங்கே நிறுத்திவிடுங்கள். கேக்கில் தடவும்போதும் பைப்பிங் பேக்கில் பிழியும்போதும் கிரீம் இன்னும் அடிபடும், அதனால் பாத்திரத்திலேயே முழுக்க இறுக விட்டால் பையின் நுனியில் இருக்கும் நாசிலில் வரும்போது சொரசொரப்பாக இருக்கும். கடைசி அரை நிமிடத்தைக் கை விஸ்க்கில் செய்யுங்கள். மெஷினில் பத்து விநாடி கூடிப்போனாலே தாண்டிவிடும்.

ஜெலட்டின் எவ்வளவு, எப்படிச் சேர்ப்பது?

240 மில்லி கிரீமுக்கு ஒரு டீஸ்பூன் ஜெலட்டின் தூள். ஒரு டேபிள்ஸ்பூன் பச்சைத் தண்ணீரில் தூவி ஐந்து நிமிடம் ஊற விடுங்கள். பாத்திரத்தை வெந்நீரில் வைத்துக் கரையுங்கள், கொதிக்க விட்டால் பிடிப்புக் குறையும். கரைந்ததும் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும். இங்கேதான் நிறையப் பேருக்குக் கட்டி தட்டுகிறது: ஜில்லென்ற கிரீமில் ஜெலட்டின் விழுந்த இடத்திலேயே இறுகி, ரப்பர் நூல் மாதிரி திரிந்துவிடும். அதைத் தவிர்க்க, முதலில் இரண்டு டேபிள்ஸ்பூன் கிரீமை எடுத்து ஜெலட்டினில் கலக்குங்கள், பிறகு அந்தக் கலவையை, பீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, மெல்லிய தாரையாக ஊற்றுங்கள்.

ஜெலட்டின் கிரீமின் தண்ணீரைப் பிடித்து வைக்கும், ஃபிரிட்ஜில் ஒரு நாள் முழுக்கப் பூக்கள் அப்படியே இருக்கும். ஆனால் ஜெலட்டினே 30 டிகிரியைத் தாண்டினால் இளக ஆரம்பித்து 35 டிகிரிக்குள் கரைந்துவிடும். மே மாதச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு 'ஜெலட்டின் போட்டேனே' என்று நம்பியிருக்க முடியாது.

இது மாடு, பன்றி, மீன் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படுவது. சைவம் சாப்பிடுபவர்களுக்கும் ஹலால் பார்ப்பவர்களுக்கும் கேக் கொடுக்கிறீர்கள் என்றால் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

சைவமாக என்ன சேர்க்கலாம்?

எனக்குப் பிடித்தது சோள மாவுக் கூழ். 240 மில்லி கிரீமில் 60 மில்லியைத் தனியே எடுத்து, இரண்டு டீஸ்பூன் கார்ன்ஃப்ளார், இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரைப் பொடி சேர்த்துக் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கிளறிக்கொண்டே கூழ் பதத்துக்குக் காய்ச்சுங்கள். முழுக்க ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வைத்து, கட்டி இருந்தால் வடிகட்டியில் தேய்த்து எடுங்கள். மிச்சக் கிரீமை அடித்து, தடம் விழ ஆரம்பித்ததும் இந்தக் கூழை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்த்து அடியுங்கள். சமைக்காத சோள மாவை நேரே போட்டால் மாவு ருசிதான் வரும், பிடிமானம் அவ்வளவு வராது.

சைனா கிராஸ், அதாவது கடல்பாசி, கொஞ்சம் வேலை வாங்கும். அது கொதித்தால்தான் கரையும், 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே இறுகும். அதனால் குளிர்ந்த கிரீமில் நேரே ஊற்றவே முடியாது. 60 மில்லி கிரீமில் கால் டீஸ்பூன் தூளைப் போட்டு இரண்டு நிமிடம் கொதிக்க விட்டு, ஆற வைத்து இறுக விடுங்கள். இறுகியதைச் சட்னி ஜாரில் மையாக அரைத்து, பிறகு கிரீமில் சேருங்கள். ஒருமுறை இறுகிவிட்டால் 85 டிகிரிவரை உருகாது என்பதால் தண்ணீர் விடாமல் காக்கும். ஆனால் அதற்குள் இருக்கும் பால் கொழுப்பு வழக்கம் போல இளகத்தான் செய்யும்.

பால் பவுடர் ஒன்றிரண்டு டேபிள்ஸ்பூன் சேர்ப்பது எளிது, ருசியும் கூடும், பலன் சுமார். கிரீம் சீஸ் 100 கிராம் சேர்த்தால் நன்றாக நிற்கும், புளிப்பு ஒத்துப்போகிற கேக்குக்கு மட்டும். இன்னொன்று வெள்ளைச் சாக்லேட்: ஒரு பங்கு சாக்லேட்டைச் சூடான இரண்டு பங்கு கிரீமில் கரைத்து, ஓர் இரவு குளிர வைத்து அடித்தால் வரும் கிரீம் சாதாரண கிரீமைவிட நெடுநேரம் வடிவம் காக்கும். கோகோ வெண்ணெய் 34 டிகிரிக்குப் பக்கத்தில்தான் முழுக்க உருகும், அதுதான் காரணம். ஏசி அறை விருந்துக்கு இதைத்தான் சொல்வேன்.

அன்னாசிப்பழக் கேக்கில் ஜெலட்டின் கிரீம் மறுநாளே தண்ணீர் விட்டுவிட்டது. ஏன்?

பச்சை அன்னாசியில் புரோமெலின் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தைச் சிதைக்கும், ஜெலட்டின் வெறும் புரதம். பப்பாளிக்கும் கிவிக்கும் இதே குணம் உண்டு. அன்னாசியைச் சர்க்கரைப் பாகில் சில நிமிடம் கொதிக்க விட்டு, ஆறவைத்து, சாறு முழுக்க வடித்துச் சேருங்கள். சூட்டில் நொதி செயலிழந்துவிடும். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடாக்கப்பட்டது, பயமில்லை. சோள மாவும் கடல்பாசியும் புரதம் இல்லை என்பதால் இந்தப் பிரச்சினை அவற்றுக்கு இல்லை. மாம்பழத்துக்கு வேறு சிக்கல், அதன் ஈரம். கூழைக் கிரீமில் கலக்குவதாக இருந்தால் முதலில் வாணலியில் சுண்டக் காய்ச்சி, குளிர வைத்துச் சேருங்கள்.

பேக்கரி கேக்கில் கிரீம் உருகுவதே இல்லையே, அது எப்படி?

அது பெரும்பாலும் நான்-டெய்ரி விப்பிங் கிரீம். அதில் இருப்பது பால் கொழுப்பு அல்ல, எண்ணெய்ப்பனைக் கொட்டையின் எண்ணெயிலிருந்து வரும் கெட்டிக் கொழுப்பு. அதோடு சர்க்கரை, கொழுப்பையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்து வைக்கும் எமல்சிஃபையர்கள், கெட்டிப்பான்கள். பால் கொழுப்பு 20 டிகிரியிலேயே தளர்ந்துவிட, இந்தக் கொழுப்பு அதைவிட அதிகச் சூட்டுவரை இறுக்கமாக இருந்து, வாய்ச் சூட்டுக்குப் பக்கத்தில்தான் உருகுகிறது. மூன்று மடங்குக்கு மேல் பொங்கும், அதிகம் அடித்தாலும் வெண்ணெயாகாது. கோடையில் விற்பனைக்குச் செய்பவர்கள் இதைப் பயன்படுத்துவதில் எந்தத் தவறும் இல்லை, வாங்குபவருக்குத் தெரிந்திருந்தால் சரி. ருசி பால் கிரீமுக்கு ஈடாகாது, நாக்கில் மெல்லிய படலம் மாதிரி ஒட்டும், அதை மறைக்க வேண்டியதில்லை.

உறைந்த நான்-டெய்ரி கிரீமை ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜில் வைத்து மெதுவாக உருக விடுங்கள், சமையலறை மேடையில் அல்ல. முழுக்க உருகியும் ஜில்லென்று இருக்கும்போது, 7 முதல் 10 டிகிரிக்குள், அடியுங்கள். சர்க்கரை ஏற்கெனவே இருப்பதால் ருசி பார்க்காமல் மேலும் சேர்க்க வேண்டாம். இரண்டையும் சரிபாதி கலந்து அடிப்பதும் உண்டு: ருசிக்குப் பால் கிரீம், நிற்க நான்-டெய்ரி. வெயில் காலத்துக்கு நல்ல சமரசம்.

பெயரில் 'நான்-டெய்ரி' என்று இருந்தாலும் பலவற்றில் பால் புரதமான கேசினேட் இருக்கும். பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்குக் கொடுப்பதற்கு முன் கட்டாயம் படியுங்கள். டிரான்ஸ் கொழுப்பு பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரி முதல் ஆலையில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பை 2 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறது. நிறைவுற்ற கொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) மட்டும் நிறையவே இருக்கும்.

கிரீம் திரிதிரியாகிவிட்டது. காப்பாற்றலாமா?

லேசாகச் சொரசொரப்பாக இருந்தால் முடியும். அடிக்காத ஜில் கிரீம் இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் ஊற்றி, கரண்டியால் மெதுவாகக் கலக்குங்கள், மெஷினை எடுக்காதீர்கள். மஞ்சள் கட்டிகளும் தண்ணீரும் தனித்தனியாகத் தெரிந்தால் அது வெண்ணெய், திரும்பாது. இன்னும் அடித்து, வெண்ணெயைப் பிழிந்தெடுத்து ரொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். உருகித் தளர்ந்த கிரீம் மட்டும்தான் என்றால், பாத்திரத்தோடு அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து மறுபடி கையால் அடித்துப் பாருங்கள், பாதிக்குமேல் திரும்பும்.

பூ பிழியும்போது பாதியில் இளகிவிடுகிறது.

உங்கள் உள்ளங்கைச் சூடுதான். பையை முழுக்க நிரப்பாமல் இரண்டு கைப்பிடி அளவு மட்டும் போட்டு, மிச்சத்தை ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு பைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றிப் பிடித்தாலும் வித்தியாசம் தெரியும். நிறத்துக்குத் தண்ணீர்க் கலரை விட்டு ஜெல் கலர் பயன்படுத்துங்கள்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் கேக் வேர்க்கிறது.

சென்னை மாதிரி கடலோர ஊரில் காற்றின் ஈரம் குளிர்ந்த கிரீமின் மேல் படிகிறது, தவிர்க்கவே முடியாது. பெட்டியை மூடியபடியே வெளியே எடுத்து, வெட்டும்போதுதான் திறங்கள், துளிகள் பெட்டியின் மேல் படியும். துடைக்காதீர்கள், தடம் விழும். சர்க்கரை மணிகள், சாக்லேட் சீவல்கள் போன்றவற்றைக் கடைசி நேரத்தில் தூவுங்கள், இல்லையென்றால் சாயம் இறங்கும்.

கேக்கை எப்படி எடுத்துப் போவது? கரண்ட் போனால்?

கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து மேல்பகுதியை இறுக விடுங்கள். அட்டைப் பெட்டியை ஒரு தெர்மோகோல் பெட்டிக்குள் இறக்கி, இரு பக்கமும் உறைந்த ஜெல் பைகளைத் துணியில் சுற்றி வையுங்கள். ஐஸ் கட்டி வேண்டாம், உருகி அட்டை நனைந்துவிடும். காரில் என்றால் ஏசியை முன்கூட்டியே போட்டுவிட்டு, கேக்கை இருக்கையில் வைக்காமல் கால் வைக்கும் தரையில் வையுங்கள், அது சமமான இடம். டிக்கி அடுப்பு மாதிரி கொதிக்கும். பைக்கில் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போவதாக இருந்தால் காலையிலேயே கொண்டு கொடுத்துவிடுங்கள்.

கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். திறக்காத ஃபிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிரைக் காக்கும்.

வெளியே எவ்வளவு நேரம் வைக்கலாம்?

நிற்கிறதா என்பது ஒரு கேள்வி, சாப்பிடலாமா என்பது வேறு கேள்வி. பால் கிரீமை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, வெளியே 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம்தான். ஜெலட்டின் போட்டதால் பார்க்க அழகாக நிற்கலாம், கிருமி வளர்வதை அது தடுக்காது. மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதற்கு முன்னால் இதை நினைத்துப் பாருங்கள், சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீடு என்றால் இன்னும் கவனம்.

மே மாதம், சாயங்காலம் நான்கு மணி, மொட்டைமாடியில் விழா. எந்த கிரீம் போடலாம்?

பால் கிரீம் போடாதீர்கள், என்ன சேர்த்தாலும் நிற்காது. வெண்ணெய் ஐசிங்கும் அந்தச் சூட்டில் பளபளத்து இறங்கும். மேலே நான்-டெய்ரி, நடுவில் கெட்டியான சாக்லேட் கனாஷ் (சூடான கிரீமில் கரைத்து ஆற வைத்த சாக்லேட்) என்று வைத்துக்கொண்டால் அரை மணி நேரம் தாங்கும். கிரீம் உயரமாக வேண்டாம், மெல்லிய பூச்சாகப் போடுங்கள், பூக்களைச் சின்னதாக வையுங்கள், அடுக்குக் கேக்காக இருந்தால் நடுவில் குச்சி செருகுங்கள். மெழுகுவத்தியைக் கீழே வீட்டிலேயே செருகி வைத்துவிட்டு, எல்லாரும் கூடி, கத்தியும் தட்டும் தயாரான பிறகு கேக்கை மாடிக்கு ஏற்றச் சொல்லுங்கள்.